ஆலிங் செவெரினாவின் போணி

சந்தை அலுவலகச் சுவரில் ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். வேர்த்துக்கொட்டியது. பின்னால் வந்து நின்ற ஆலிங் செவெரினா, யாரையோ திட்டுகிறவள்போல, "பாரேன் இவனுங்க திமிர! வெள்ளிக்கிழமைக்குள்ள கடைச்சீட்டைப் புதுப்பிக்கணுமாம். இல்லேன்னா கடைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்" என்று எங்கள் பாஷையில் உரக்கச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். என் கடை தப்பியது.

அதை வைத்து அவளை நல்லவள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பதினெட்டு வருஷம் இந்தச் சந்தையில் மீன் விற்றிருக்கிறேன். அவளைப்போல ஓர் அற்பப் பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எண்ணம் மாறவில்லை.

நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்து செத்துப்போனவருடைய விதவை அவள். வயதில் மூத்தவள் என்று மரியாதைக்கு ஆலிங் என்போம். பூசைக்குப் போகிற உடுப்பிலேயே மீன் சந்தைக்கு வருவாள். மழை உண்டோ இல்லையோ, கையில் குடை உண்டு. ஈரத்தில் கால் படாமல் கொக்கு மாதிரி நடப்பாள். குடை நுனியால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "கண்ணு செத்துப்போச்சே" என்பாள். அப்போதுதான் படகிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கிய மீனைப் பார்த்து!

இதையாவது பொறுக்கலாம். போணி விஷயத்தில் அவள் செய்ததைத்தான் பொறுக்க முடியாது. முதலில் வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். அதனால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்த முதல் காசை மீன்கள்மேல் தட்டித் தட்டி எடுத்து வைப்போம். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். கோழி கூவும் முன்னே வந்து நிற்பாள். என்னிடம் போணி, பக்கத்தில் கருவாடு விற்கும் மெனிங்கிடம் போணி, எதிரே தக்காளிக்காரியிடம் போணி. வரிசையாக எல்லோருக்கும் அவள்தான் முதல் ஆள். போதாததற்குக் கொசுறு வேறு கேட்பாள்.

என் மகள் ரொசெந்தா மணிலாவில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, துறவு வாழ்வுக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுக்க இருந்த வருஷம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை. நான் சனிக்கிழமை ஒன்பது மணிக் கப்பலைப் பிடித்தாக வேண்டும். அந்த வாரம் முழுக்கக் காற்று, படகுகள் கரையிலேயே கிடந்தன. சனி விடியலில் வந்த ஒரே படகில் எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய பாறை மீனும் கொஞ்சம் நெத்திலியும். அந்தப் பாறை விற்றால்தான் கப்பல் டிக்கெட். விற்காவிட்டால் என் பிள்ளை பீடத்தின் முன்னால் தாயில்லாமல் நிற்பாள்.

மெனிங்தான் யோசனை சொன்னாள். அவள் ரொசெந்தாவுக்கு ஞானத்தாய். அந்த உறவால் நாங்கள் ஒருவரையொருவர் மாரே என்றுதான் கூப்பிடுவோம்.

"மாரே, இன்னிக்கு அந்தக் கெழவி கையால போணி வேணாம். பாறைய பாதி விலைக்கு அடிச்சுட்டுப் போயிருவா. நானே ஒரு கை நெத்திலி வாங்கிக்கறேன். போணி ஆயிருச்சுன்னு சொல்லிரு."

அவள் கொடுத்த காசை மீன்மேல் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் குடை வந்தது.

"பாறைக்கு அறுநூறு. போணி, எடு."

ஆயிரத்து இருநூறு பெசோ பெறும் மீன் அது.

"போணி ஆயிருச்சு, ஆலிங்."

"யாரு பண்ணினா? தெருநாய் கூட இன்னும் எந்திரிக்கலியே!"

கண்ணை ஓட்டினாள். மெனிங்கின் பலகைக்கு அடியில் காகிதத்தில் சுற்றிய நெத்திலி கிடந்தது.

"கருவாடு விக்கிறவ நெத்திலி வாங்கிப் போணியா? ரெண்டு பிச்சைக்காரி ஒருத்திக்கொருத்தி தர்மம் போட்டுக்கிட்ட மாதிரில்ல இருக்கு!"

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். மெனிங் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆறு மணி ஆனது, ஏழு ஆனது. மறுநாள் ஊர்த் திருவிழா. சனம் எல்லாம் பன்றிக்கறிக் கடையில் மொய்த்தது. என் பக்கம் திரும்பக் காணோம்.

"விக்கிற கை வாங்குற கை ஆகுமா, சோர்சிங்?" என்று தக்காளிக்காரி எதிரிலிருந்து என்னைக் கேட்டாள். "கள்ளப் போணிக்கு மாதா எப்படி இறங்குவா?"

மெனிங் தலையைக் குனிந்து கருவாட்டை அடுக்கினாள். நான் ஜெபமாலையைப் பைக்குள் வைத்தே உருட்டினேன். வெயில் ஏறியது. எட்டு மணிக்குத் துறையில் கப்பல் ஊதியது. அதோடு குடையும் வந்தது.

"இப்ப நான் போணி இல்லடி. கடைசி ஆளு. கடைசி ஆளுக்கு ஐநூறு."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய? "மாதாவே, இவளை நீரே பார்த்துக்கொள்ளும்" என்று வேண்டிக்கொண்டேன். நல்ல எண்ணத்தோடு வேண்டவில்லை. அந்த ஐநூறு டிக்கெட்டுக்குத்தான் சரியாக இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து என் பிள்ளையின் வார்த்தைப்பாட்டைக் கேட்டேன்.

திரும்பி வந்தபோது ஊரே பேசிக்கொண்டிருந்தது. திருவிழாவன்று பங்குச்சாமியாருக்கும் பாடகர் குழுவுக்கும் ஆலிங் செவெரினா பெரிய பாறை மீன் சமைத்து விருந்து வைத்தாளாம். அவளுடைய தாராளக் கையைச் சாமியார் பூசையிலேயே புகழ்ந்தாராம். மீன் என்னுடையது, புகழ் அவளுடையது.

அடுத்த தவக்காலத்தில் வீட்டை விற்றுவிட்டு, வேறு தீவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள். புறப்படும் அன்றைக்கும் விடியலில் என் பலகைக்கு முன்னால் முதல் ஆளாக வந்து நின்றாள். வழிக்கு வறுத்து எடுத்துக்கொள்ள ஐந்து அயிலை கேட்டாள். சுற்றிக் கொடுத்தேன்.

"காசு வேணாம், ஆலிங். சும்மா வச்சுக்குங்க."

பிச்சை போடுகிற மாதிரிதான் சொன்னேன். அவளுக்குச் சுருக்கென்று உறைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். முதல் ஆளுக்கு இனாமாகக் கொடுத்தால் போணி ஆகாது. அன்றைய வியாபாரம் போனாலும் போகட்டும் என்று இருந்தேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பணப்பையைத் துழாவி ஒரு பெசோ நாணயத்தை எடுத்தாள். தானே என் மீன்கள்மேல் அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிப் பலகைமேல் வைத்தாள்.

"கண்ணு செத்த மீனு. இதுக்கு ஒரு பெசோவே அதிகம்டி" என்றாள்.