படுக்கையறையில் மச்சான்

ஆடி மாதக் கடைசியில், ராஜபாளையத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு, கூரைக் காங்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள். மேற்கு மலைமேல் மேகம் ஒருக்களித்துப் படுத்திருந்த காலை. படுக்கையறையில் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின... நாலாவது பலகை இறங்கியதும் — மச்சான் தெரிந்தார்.

கைகூப்பிச் சிரித்துக்கொண்டு. கட்டில் போட வேண்டிய இடத்துக்கு நேர் மேலே.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மகள் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸ் அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தவன் நான்தான். பலகை இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகாமலிருக்க, காங்கிரீட்டுக்கு முன்னால் புது பிளாஸ்டிக் ஷீட் விரிப்பார்கள். பிறகு கிழித்துக் குப்பையில் எறிவார்கள். எதற்கு? பழைய ஃபிளெக்ஸ் போதாதா? பூமிக்கு என்னாலான உபகாரம்.

விரிக்கும்போது மனைவி குறுக்கே வந்தாள். அண்ணன் முகத்தை வேலையாட்கள் மிதிப்பார்களாம். படத்தைக் கவிழ்த்துப் போடச் சொன்னாள். போட்டோம். மரியாதை பிழைத்தது. ஆனால், முகத்துக்குப் பின்னால் இருந்த சுருக்கத்தைக் காங்கிரீட் கவ்விக்கொண்டது.

மற்ற இடமெல்லாம் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. முகம் மட்டும் வரவில்லை. கொத்தனார் உளியை எடுத்தார்.

"செத்த நேர வேலை சார். கொத்திட்டுப் பூசிரலாம்."

"யாரு மூஞ்சியக் கொத்துவீக?" என்றாள் மனைவி.

அண்ணன் முகத்தில் உளி பட்டால் இந்த வீட்டில் குடியேற மாட்டேன் என்று அவள். அந்த முகத்துக்குக் கீழே படுக்க மாட்டேன் என்று நான். ஆவணியில் பால்காய்ப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. கொத்தனார் உளியும் கையுமாக டீ குடிக்கப் போய்விட்டார்.

பிளாஸ்டிக் மக்காது என்று இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்... மக்காததோடு நிற்காமல் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மனைவி போன் போட்டாள். அடுத்த பஸ்ஸிலேயே மச்சான் வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சம்பந்தமே அறுந்ததோ என்று நினைத்தேன். அவர் விரல் மெல்ல எழுந்து மீசையைத் தடவியது — படத்தில் அது கருகருவென்றிருந்தது.

"கொத்த வேண்டாம் மாப்ள," என்றார். "அதுக்காக இப்படித் தெறந்தும் போட்டுராத. தங்கச்சி ரூம்ல ராப்பூரா நான் முழிச்சுக்கிட்டுக் கெடந்தா எனக்கே கூச்சமா இருக்காதா?"

வழியையும் அவரே சொன்னார். பிவிசி பேனலில் ஃபால்ஸ் சீலிங். பிளாஸ்டிக்கை மறைக்கப் பிளாஸ்டிக்! ஆனாலும் பேனல் கடைக்குப் போன் போட்டேன் நான். ஆட்கள் வந்து மாட்டினார்கள். நெற்றிப் பக்கம் ஸ்க்ரூ போகாமல் மனைவி கீழே நின்று காவல் காத்தாள்.

பால் காய்ச்சிக் குடிவந்து இரண்டு வாரம் ஆகிறது. சீலிங் அழகாக இருப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

நேற்று அந்த அறையில் மனைவியோடு சின்னதாக ஒரு சண்டை. குரலை உயர்த்தப் போனேன்... மேலே பார்த்தேன். இறக்கிக்கொண்டேன்.