எங்கே நின்று பார்த்தீர்கள்

இல்லை, அக்கா பயந்து மறுக்கவில்லை. அன்று அந்த அறையில் பயந்திருந்தவர்கள் நாங்கள்தான்.

லூர்துமேரி அக்கா இறந்த செய்தி போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பெக்கோக்கில் இருக்கும் அவருடைய தம்பி அனுப்பிய குரல்பதிவு. "அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே. நாளைக்குப் பத்து மணிக்குக் கோயில்ல பூசை." மூன்று முறை கேட்டேன்.

மறுநாள் சிகாமட் கல்லறைத் தோட்டத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்த அமைச்சர் கேசுல அக்கா பயந்து ஒதுங்கிட்டாங்கன்னு சொன்னாங்களே, உண்மையா?" அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு: அக்கா ஜொகூர் மாநிலத்தின் சிகாமட்டில் சத்தியப்பிரமாண ஆணையர். எழுதிய வாக்குமூலத்துக்கு ஒருவரை உறுதிமொழி எடுக்கவைத்து, முத்திரை இடும் வேலை. அதற்கு முன் நெடுங்காலம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். பல ஆணையர்கள் தாளைப் புரட்டிப் பார்ப்பதோடு சரி. அக்கா ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கப் படிப்பார். படித்துவிட்டு, "இத எங்க நின்னு பாத்தீங்க?" என்பார். நிலத் தகராறு, விவாகரத்து, எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. அடையாள அட்டையைத் தொலைத்த ஒருவர், "விழுந்தத பாத்திருந்தா நான் ஏங்கா தொலைக்கிறேன்?" என்றாராம். "அப்ப பாக்கலன்னு எழுதுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அயல்நாட்டின் முன்னாள் அமைச்சர் ஒருவர் கெலாங் பாத்தா பக்கம் ஓர் ஓய்வு விடுதிக்கு வந்தார். கோல்ஃப் விளையாட. ஒரு போரின் கடைசி மாதங்களில் அந்நாட்டுப் படைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவர் பெயரையும் நாட்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

அந்தப் போரில் மருத்துவமனைக் கூடாரங்கள்மீது குண்டு விழுந்ததைக் கண்ட மூவர் ஜொகூரில் அகதிகளாக இருந்தார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும், ஆள் நம் மண்ணில் நிற்கும்போது புகார் கொடுக்க முடியும் என்று நான் வேலை செய்யும் சட்ட அலுவலகத்தின் மூத்த வழக்கறிஞர் நம்பினார். வெள்ளிக்கிழமை அமைச்சர் பாலம் கடந்து சிங்கப்பூர் போய்விடுவார். எங்களிடம் வியாழக்கிழமை மட்டும் இருந்தது.

வாக்குமூலங்களை எழுதியவள் நான்.

ஜொகூர் பாருவிலிருந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு சிகாமட் போனேன். முதலில் யோகநாதன். ஸ்கூடாயில் கார் கழுவும் கடையில் வேலை செய்பவர். அக்கா படித்துக்கொண்டே வந்தார். கூடாரம். காயம்பட்டவர்கள். கூரையில் வரைந்திருந்த சிவப்புக் குறி. ஒவ்வொன்றுக்கும் யோகநாதன் நின்ற இடத்தைச் சொன்னார். பதினோராவது பத்தி: "அந்த அமைச்சரின் நேரடி உத்தரவின் பேரில் இத்தாக்குதல் நடத்தப்பட்டது."

"இத எங்க நின்னு பாத்தீங்க?"

யோகநாதன் என்னைப் பார்த்தார். "அவர்தான் செய்விச்சவர் எண்டு உலகத்துக்கே தெரியும், அக்கா."

"உலகம் கையெழுத்துப் போட வரலைங்களே. நீங்கதான் வந்திருக்கீங்க."

"நான் பங்கருக்குள்ள கிடந்தனான். வாசலால விழுந்ததைக் கண்டனான். ஆர் சொல்லி விழுந்தது எண்டு..."

அக்கா மற்ற இரண்டு தாள்களையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் அதே வாக்கியம். அதே சொற்கள்.

"மூணு பேருக்கு ஒரே வாயா? யாரு வாய் இது, தங்கச்சி?"

என்னுடையது. வழக்கே அந்த வரியில்தான் நிற்கிறது, அது இல்லாவிட்டால் குண்டு மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டான் என்று வாதாடினேன். குரல் உயர்ந்தது.

"உத்தரவு போட்டவன் குண்டு பக்கத்துல நிக்கமாட்டான். அதனாலதான் அவன் பெரிய ஆளு. அத அவன் ஆபீஸ் தாளு சொல்லணும், அவன்கிட்ட வேலை செஞ்சவன் சொல்லணும். இவர சொல்ல வெச்சீங்கன்னா, அவன் லாயர் ஒரே ஒரு கேள்வி கேப்பான். இவரு கண்ணால பாத்த கூடாரமும் சேந்து பொய்யாயிடும்."

தொலைபேசியில் மூத்த வழக்கறிஞர் கெஞ்சினார். "அலாமாக், அக்கா, நாளைக்கு ஓடிருவான் லா. சொப் மட்டும் அடிங்க."

"முத்திரைய அடிக்கமாட்டேன்" என்றார் அக்கா.

மறுபடி எழுதினோம். ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து. மாலை ஆறு மணி ஆயிற்று. யோகநாதனின் பதினோராவது பத்தி இப்போது இப்படி இருந்தது: "உத்தரவிட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது." யோகநாதன் பேனாவைத் தாளின்மீது வைத்தார். "இதை எழுதினா நானே அவனை விட்ட மாதிரி ஆகாதோ?"

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்றவர் பேச்சுதான் நிக்கும்" என்றார் அக்கா. அவர் முகத்திலும் உறுதி இருந்ததாக நான் சொல்லமாட்டேன்.

மறுநாள் ஜொகூர் பாரு காவல் நிலையத்தில் புகார். யோகநாதனிடம் அகதி அட்டை மட்டும்; இங்கே அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. உள்ளே போனால் வெளியே வருவோமா என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அக்கா அழைக்காமலே சிகாமட்டிலிருந்து தனியாகக் காரோட்டி வந்தார். யோகநாதன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டதும் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார். பதினொன்றே முக்காலுக்குப் புகாருக்கு எண் கிடைத்தது. யோகநாதன் எங்களோடு வெளியே வந்தார். அமைச்சர் ஒன்பது மணிக்கே பாலம் கடந்திருந்தார்.

அக்கா பயந்துவிட்டார், அதனால்தான் அவன் தப்பினான் என்று முதலில் சொன்னது நான். அந்த வாரமே. இரண்டு பேரிடம். பிறகு நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அது அவர் காதுக்கும் போயிற்று. ஒரே ஒருமுறை, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கையில், "நான் பயந்தத நீங்க எங்க நின்னு பாத்தீங்க?" என்றார். சிரிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன மாதம் ஐரோப்பாவில் அதே அமைச்சர்மீது விசாரணை நடத்தும் நீதிபதியிடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. உத்தரவு பற்றிய ஆவணங்கள் அங்கே வேறு வழியில் கிடைத்திருக்கின்றன. குண்டு விழுந்ததற்கு எங்கள் மூன்று சாட்சிகள் வேண்டும். ஒரு கேள்வி: வாக்குமூலத்தின் எந்தப் பகுதியையாவது யாரேனும் சாட்சிகளுக்கு எழுதிக் கொடுத்தார்களா?

அக்கா தொலைபேசியில் அழைத்தார். "மொதல்ல எழுதுன தாளு இருக்குல்ல?"

"இருக்கு."

"நல்லது. பதில் எழுதிடுறேன்."

எழுதுவதற்குள் போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் மூத்த வழக்கறிஞர் காரில் சொன்னார்: "அந்தப் பழைய தாளு இன்னும் இருக்குறது நமக்கு மட்டும்தான் தெரியும். கிழிச்சிடு மா. வெளிய வந்தா மூணு சாட்சியும் போச்சு." அவர் கெட்டவர் அல்லர். அவர் சொன்னபடியே நடக்கவும் கூடும்.

செவ்வாய்க்கிழமை யோகநாதனை அழைத்து, பழைய தாள்களை நீதிபதிக்கு அனுப்பப் போகிறேன் என்று சொன்னேன். பின்னால் தண்ணீர் பீச்சும் சத்தம் கேட்டது. "கார் ஒண்டு வந்து நிக்குது, பிள்ளை. பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். இன்னும் அழைக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கேள்வி. அதை இதுவரை மற்றவர்கள்மீதுதான் பயன்படுத்தியிருந்தேன். அன்று மாலை எனக்கு நானே போட்டுக்கொண்டு என் வாக்குமூலத்தை எழுதினேன். பதினோராவது பத்தியை மூவர் வாயிலும் வைத்தவள் நான். பக்கத்தில் நின்று பார்த்ததல்ல, நானே செய்தது. அதை நீக்காமல் முத்திரை இட மறுத்தவர் லூர்துமேரி. மூவரும் கூடாரத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லும் என்னுடையதல்ல. இந்தச் சாட்சியம் இனி நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை வேறோர் ஆணையர் முன் உறுதிமொழி எடுத்துக் கையொப்பமிட்டேன். பழைய தாள்கள் மூன்றையும் இணைத்து நீதிபதிக்கு அனுப்பினேன். பிறகு மூத்த வழக்கறிஞரின் அறைக்குப் போய், அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.