பெரியப்பாவின் பத்துப் பெண்கள்

என் அண்ணா மறைந்து முப்பத்தோராம் நாளாகிய இன்று இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, வணக்கம். இதை என் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனல்ல, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா அளவெட்டியில் பிறந்தவர். நாட்டுப் பிரச்சினையில் வெளிக்கிட்டு நோர்வே வந்து, துரொண்ட்ஹெய்மில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்தார். மற்றவர்கள் நிலத்தைத் துடைத்துவிட்டுப் போவார்கள். அவர் துடைத்துவிட்டுச் சுவரையும் பார்ப்பார்.

அங்கே ஒரு பழைய நெய்த திரை. மாப்பிள்ளைக்காக விளக்கோடு காத்திருக்கும் பத்துப் பெண்கள், வேதக்காரரின் பைபிள் கதை. பக்கத்தில் அதற்கு மூலமான படம், செப்புத் தகட்டில் கீறிக் கடதாசியில் அச்சடித்தது. அப்படியான சாமிப் படங்கள் ஐரோப்பாவெங்கும் கைமாறிப் போயினவாம். அவற்றைப் பார்த்துத்தான் தச்சர் அலுமாரியில் செதுக்கினார்கள், தட்டார் வெள்ளிக் குவளையில் பொறித்தார்கள், இங்கத்தைப் பெண்கள் திரையில் நெய்தார்கள். இதை அவர் ரயிலில் விளங்கப்படுத்தியதில், நான் இறங்கவேண்டிய ஸ்ட்ரோம்மனை இரண்டு தடவை தவறவிட்டிருக்கிறேன்.

உங்கள் அக்காவின் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு, வந்தது. மேடைக்குப் பின்புறத்தைத் தானே செய்வதாகச் சொல்லி, இரண்டு மாதம் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகை வெட்டினார். அன்று காலை மண்டபத்தில் பத்துப் பெண்களும் ஆளுயரத்தில் நின்றார்கள். உங்கள் அம்மா பார்த்தா.

"அத்தான், இவை ஏன் இடக்கையாலை விளக்குப் பிடிக்கினம்?"

"படத்தைப் பாத்து எடுக்கேக்கை பக்கம் மாறிப்போகும், பிள்ளை. அந்தத் திரை நெய்த மனுசிக்கும் மாறினதுதான்."

"அது கிடக்கட்டும். இந்த அஞ்சு பேரும் ஏன் லேஞ்சியாலை கண்ணைத் துடைக்கினம்?"

"அவை எண்ணெய் கொண்டுவர மறந்து கலியாணத்தைத் தவறவிட்டவை."

"என்ரை பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கிற இடத்திலை அஞ்சு பொம்பிளையள் நிண்டு அழுறதோ? கழட்டுங்கோ!"

சனம் வர ஒரு மணித்தியாலம் இருந்தது. ஐவரை மட்டும் கழற்ற முடியாது. பத்துப் பேரும் ஒரே சட்டத்தில் ஒட்டியிருந்தார்கள். பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் ஏற்கெனவே ஊதிய பலூனைத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தேன்.

அவர் பொன்நிறக் கடதாசியில் ஐந்து வெற்றிலை வெட்டி, ஐந்து லேஞ்சிக்கும் மேலே ஒட்டினார்.

"இப்ப அழேல்லை, பிள்ளை. வெத்திலை போடீனம்."

"வெத்திலையைக் கண்ணிலையோ போடுறது?" என்ற அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழா நடந்தது. அல்பத்தில் அம்மா எல்லாப் படத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது அதனால்தான்.

நோயின் நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், அந்தத் திரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து "ஓம், இடக்கைதான்" என்று நோர்வேஜிய மொழியில் அவரிடம் சொன்ன தாதிக்கும் எங்கள் நன்றி. இறுதிக் கிரியை நாளன்று அவருடைய லில்லெஸ்ட்ரோம் கராஜிலிருந்து அந்தப் பத்துப் பெண்களையும் வான் வண்டியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்த நண்பர்களுக்கும் நன்றி.

அன்று உங்கள் அம்மா கதிரையில் ஏறி, ஐந்து வெற்றிலையையும் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தா. கீழே லேஞ்சிகள் அப்படியே இருந்தன.

"இண்டைக்கு அழட்டும், அத்தான்" என்றா.