நேர்முகத்துக்கு முன் ஒரு காவின்

ஸம்ஸியாவுக்குக் கோபம் வந்தால் குசினியில் பாத்திரம் உருளும். அன்று விடிந்ததிலிருந்தே உருண்டுகொண்டிருந்தது.

காரணம் சல்மா உம்மா. மகள் ஜெனூபாவுக்குப் பேசி வைத்திருக்கும் ஸிராஜின் தாய். ஸிராஜ் கட்டாருக்குப் போகிறானாம். போவதற்குள் காவினை, அதுதான் நிக்காஹ் பதிவை, எழுதிவிட வேண்டுமாம். விருந்தும் மற்றதும் அவன் திரும்பி வந்த பிறகாம். சாய்ந்தமருதில் இது புதுமையல்ல. ஆனால் காவின் எழுதினால் கலியாணம் பதிவானதாகிவிடும். ஜெனூபா விண்ணப்பித்திருக்கும் தாதியர் பயிற்சிக்கு வருகிறவர்கள் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்று அறிவித்தலிலேயே போட்டிருந்தார்கள்.

அந்த அறிவித்தலுக்காக ஜெனூபா பட்ட பாடு கொஞ்சமல்ல. கொரோனா வந்தது, பெற்றோல் வரிசை வந்தது, அறிவித்தல் மட்டும் வரவில்லை. இப்போதுதான் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கிறார்கள். அழைத்த எல்லோருக்கும் இடமில்லை. சம்மாந்துறைப் பிள்ளைகள் தன்னைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை இப்படி உருகிக்கொண்டிருக்கும்போது காவினாம், காவின்! ஸம்ஸியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு சல்மா உம்மா வந்து கதிரையில் சாய்ந்தார்.

"எழுதிப்போட்டு வாய மூடிக்கிட்டு இருப்பம் ஸம்ஸியா. கொழும்பில இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

உள்ளே கதவோரம் நின்ற ஜெனூபா வெளியே வந்தாள். "மாமி, கலியாணம் முடிக்கல்ல எண்டு நான் கையெழுத்து வெச்சிருக்கன். பொய் சொல்லிப் போய் நான் நோயாளிட பக்கத்துல நிக்கவா?"

"சின்னப் புள்ளைக்கு இதெல்லாம் விளங்காது. ராவு டியூட்டியும் பகல் டியூட்டியும், நம்மட பொம்புளைக்குத் தேவையா இந்த வேல?"

ஸம்ஸியா கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள். போன வருடம் பித்தப்பை ஒப்பரேசன் செய்து வார்டில் கிடந்தவர் இதே சல்மா உம்மாதான். காயத்துக்கு மருந்து கட்ட ஆண் தாதி வந்ததும் சேலையால் இழுத்து மூடிக்கொண்டு, "நம்மட பொம்புளப் புள்ள ஒண்டும் இந்த ஆஸ்பத்திரியில இல்லையா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். சூப் கொண்டுபோயிருந்த ஸம்ஸியா அதைக் கண்ணால் கண்டவள். சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்று இன்றுவரை அதை வாயில் எடுத்ததில்லை.

"அண்டைக்கு வார்டுல ஆரத் தேடினீங்க ராத்தா?" என்றாள். "நம்மட புள்ள வேணும் எண்டு கத்தினீங்களே. அவள் வானத்தால வருவாளா? ஆரோ பெத்த புள்ள படிச்சு வரோணும், உங்கட மருமகள் மட்டும் போகக்கூடாதா?"

சல்மா உம்மாவின் முகம் சிவந்தது. தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்தார். "நேர்முகம் வரைக்கும் பாத்துக்கிட்டு எங்களால இருக்கேலா. வேற இடமும் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார்.

வாசலோரம் இருந்த கணவன் அபுல் ஹஸனுக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. மகளுக்குச் சீதனமாகக் கட்டும் வீடு பக்கத்து வளவில் கூரை மட்டத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தாதிக் கோஸ் கிடைக்காட்டி என்ன செய்யிற? மாப்பிள்ளையும் போய், அதுவும் போய்..."

ஜெனூபா தாயைப் பார்த்தாள். அவளுக்கும் அதே பயம்தான்.

ஸம்ஸியாவுக்கும் பயம் இல்லாமலில்லை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கிடைக்காட்டி, கூடப் புள்ளி எடுத்த புள்ளைகளுக்கிட்ட அவள் தோத்தாள் எண்டு இருக்கட்டும். பெத்த நாம தோக்கடிச்சம் எண்டு இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வாறது அவள்ட வீட்டுக்கு. வாறவர் கொஞ்சம் வாசல்ல நிண்டா ஒண்டும் குறையாது."

அபுல் ஹஸன் எழுந்து வந்தார். சல்மா உம்மா தொடாமல் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியை எடுத்து ஜெனூபாவிடம் நீட்டினார்.

"குடி மகள். நேர்முகத்துக்கு வாப்பாதான் கூட்டிப்போவன்."