எனக்கே நான் எழுதிய வாழ்த்துரை

"அம்மா, ஒங்க பிரிவு உபசார விழாவுல மாணவிங்க சார்பா என்னையத்தான் பேசச் சொல்லிருக்காங்க. நீங்களே எழுதிக் குடுத்துருங்கம்மா, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வந்து இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "விழாவே எனக்குத்தானடி?" என்றேன். "ஆமாம்மா" என்றாள். அதில் என்ன சந்தேகம் என்பதுபோல் நின்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் கல்லூரியின் தமிழ்த்துறையில் முப்பது வருஷத்துக்கு மேலாக நானே வளர்த்துவிட்ட பழக்கம் அது. பேச்சுப்போட்டி என்று சுற்றறிக்கை வந்தால் நான் எழுதுவேன்; பிள்ளைகள் உருப்போடுவார்கள். கை எங்கே உயர வேண்டும், குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தும் கொடுப்பேன். கோப்பைகள் வந்தன. முதல்வர் அறை அலமாரியில் இடம் போதவில்லை.

கட்டுரை வகுப்பும் அதே லட்சணம்தான். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. நான் கற்றுக்கொடுத்த முன்னுரையை மரம் வளர்ப்புக்கும் போடலாம், மதுவிலக்குக்கும் போடலாம். இதே பெண் கீரமங்கலத்துக்காரி. முதலாம் ஆண்டில் உழவு பற்றி எழுதச் சொன்னபோது, விடிவதற்குள் முல்லை பறித்துக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிப்பதை எழுதியிருந்தாள். நாள் முழுக்க விரலில் பூவாசம் இருக்கும், ஆனால் தலையில் வைக்க ஒரு பூ எடுத்துவர மறந்துபோகும் என்று ஒரு வரி. நான் சிவப்பு மையால் அடித்து, 'கட்டுரையில் "நான்" வரக்கூடாது' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவள் கட்டுரையில் 'நான்' வரவே இல்லை. மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் புதுக்கோட்டையில் என் வீட்டில் உட்கார்ந்து என்னையே புகழ்ந்து எழுதினேன். கல்யாணம் நடக்கவில்லை, அம்மா போனபிறகு வீட்டில் நான் ஒருத்திதான். கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளும் 'அம்மா' என்று கூப்பிடுவார்கள். சாயங்காலம் பூட்டைத் திறந்தால் கூப்பிட ஆளில்லை. அன்றைக்கு அது ரொம்பவே உறைத்தது. 'தமிழன்னையின் தவப்புதல்வி' என்று தொடங்கினேன். கூச்சமாக இருந்தது. ஆனாலும் பழகிய கை, நிற்கவில்லை. 'மதிய உணவு வேளையிலும் ஓய்வறியாது கட்டுரைகளைத் திருத்திய கடமைச் செம்மல்' என்று ஒரு வரி விழுந்தது.

அந்த வரியின் உண்மை எனக்குத்தான் தெரியும். ஆசிரியர் அறையில் மதியம் பேச்செல்லாம் அவரவர் வீட்டுப் பிள்ளைகளுடைய வேலை, மாப்பிள்ளை, பேரன் காதுகுத்து. "ஒங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல மேடம்" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். நான் டிபன் பாக்ஸையும் ஒரு கட்டுக் கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு மாடியில் காலியாகக் கிடக்கும் கடைசி வகுப்பறைக்குப் போய்விடுவேன். அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். பல வருஷமாக அப்படித்தான்.

எழுதி முடித்ததும் வெட்கம்கெட்ட ஆசை ஒன்று வந்தது. என்னைப் பற்றி நான் எழுதிக் கொடுக்காத ஒரு வார்த்தையை, ஒரே ஒரு வார்த்தையை, யாராவது சொல்லிவிட மாட்டார்களா? யார் சொல்வார்கள்? விதைத்ததுதானே முளைக்கும். மறுநாள் தாளை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

விழாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையில் இருந்தேன். அவள் அவை வணக்கத்தைப் பிசகில்லாமல் சொன்னாள். தவப்புதல்வியைத் தாண்டினாள். குறித்த இடத்தில் கை உயர்ந்தது. 'மதிய உணவு வேளையிலும்' என்றவள் நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, வழக்கம்போல் நான் வாயசைத்து அடியெடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"மறக்கலம்மா" என்றாள் மைக்கிலேயே. "அம்மா மத்தியானம் கட்டுரை திருத்துறாங்கன்னுதான் நாங்களும் நெனச்சோம். ஒருநா நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். கட்டைப் பிரிக்கவே இல்ல. சும்மா செவத்தைப் பாத்துக்கிட்டே சாப்புட்டாங்க. அப்புறம் பல நா பாத்தேன். உள்ள போயி ஒக்காரணும்னு ஆசையா இருக்கும். போயி என்னன்னு பேச்ச ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிருவேன். அதை மட்டும் அம்மா எழுதிக் குடுக்கலையில்ல."

மிச்சத்தைப் பேசாமல் இறங்கிவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. முதல்வர் தொண்டையைச் செருமினார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மானத்தை வாங்கிவிட்டாளே என்று. அந்தக் கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நான் ஆசைப்பட்டதைத்தான் கொடுத்திருந்தாள். ஏற்புரைக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன்.

விழா முடிந்து கீழ்த்தளத்தில் சாப்பாடு. முதல்வர் பக்கத்தில் எனக்குத் தனி நாற்காலி போட்டு இலை விரித்திருந்தார்கள். நான் அதைத் தாண்டி, மாணவிகள் உட்கார்ந்திருந்த கடைசிப் பந்திக்குப் போனேன். அவள் ஓரத்தில் இருந்தாள், பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்த எனக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில், பஸ்ஸில் எல்லோரும் கேட்பதையே கேட்டேன்.

"இங்கிட்டு யாராச்சும் வாராங்களா?"

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் வரலம்மா. ஒக்காருங்க."