தான் எழுதியதைத் தானே நீக்கிய திலகவதி

விராலிமலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, ஆலை வாசலில் கைரேகை வைக்க நின்றபோதுதான் திலகவதியின் கணவர் முருகேசனின் அழைப்பு வந்தது. "அக்கா, திலகா விடியக்காலம் போயிட்டா. ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்" என்றார். வரிசை ஏன் நகரவில்லை என்று பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள். ஒதுங்கி நின்று அவர்களிடமும் சொன்னேன். அன்று பலர் ஆலைக்குள் போகவே இல்லை. அப்படியே அவள் வீடு இருக்கும் இலுப்பூருக்குப் பஸ் ஏறினோம்.

அவளை உங்களில் பலருக்குக் 'கம்ப்யூட்டர் திலகா' என்றால்தான் தெரியும். கொதிகலன் குழாய்கள் செய்யும் நம் ஆலையில், கொள்முதல் முதல் சரக்கை அனுப்பும் டிஸ்பாட்ச் வரை எல்லாம் ஒரே மென்பொருளில்தான் நடக்கிறது. அது எல்லா ஆலைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. நம் வழக்கத்துக்கு ஏற்ற மாற்றங்களை எழுதிச் சேர்த்தவள் பெரும்பாலும் அவள்தான். கூட இருந்தவள் நான். வயதில் நான் மூத்தவள். வேலையில் இருவரும் சமம்.

அந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால், நாம் கைவைத்த இடங்களில் எல்லாம் அது நின்று கேட்கும். நீங்கள் எழுதியது இருக்கட்டுமா, புதிதாக வந்ததைப் போடட்டுமா? ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் ஓட வேண்டிய வேலை நிற்கும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும்.

அப்படிப் புதிய பதிப்புக்கு மாறும் வேலை தொடங்கவிருந்த வாரத்தில் அவள் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். கேன்டீனில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "மார்புல கட்டி அக்கா. ஈரலுக்கும் பரவிருச்சாம்" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "அப்கிரேடை முடிச்சுட்டு லீவு போட்டுக்கிறேன்."

"பைத்தியமா ஒனக்கு? நான் பாத்துக்கமாட்டேனா?"

"பாத்துக்குவீங்க. ஆனா நான் எழுதுனதுல பாதி இப்ப யாருக்கும் வேணாம். அத அப்படியே விட்டுட்டுப் போனா, ஏன் எழுதுனேன்னு கேக்க என் கட்டிலுக்குத்தான் வரணும். நான் இல்லாமயே ஓடணும் அக்கா."

சிகிச்சை தொடங்கிய பிறகும், உடம்பு இடம் கொடுத்த நாட்களில் வந்தாள். பிரிவு பிரிவாகப் போய், "இது இன்னும் வேணுங்களா? யாரு பாக்குறாங்க?" என்று கேட்டாள். டிஸ்பாட்ச் ராசுவுக்காக அவள் முன்பு ஒரு திரை எழுதிக் கொடுத்திருந்தாள். எந்த லாரி எந்தச் சரக்குக்காக நிற்கிறது என்று அதில் தெரியும். புதிய பதிப்பில் அந்த வசதி தானாகவே இருந்தது. ராசு ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்குன்னு நீ செஞ்சு குடுத்ததும்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்தா அடுத்த தடவை அக்காதான் அதோட மாரடிக்கணும்ண்ணே. புதுசுலயே இருக்கு, இங்கிட்டு வந்து பாருங்க."

அவர் பார்த்தார், தலையசைத்தார், வெளியே போய் ஒரு லாரியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திலகா அந்தத் திரைக்காகத் தான் எழுதிய நிரலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். "நல்லாத்தான் எழுதிருக்கேன்" என்றாள். பிறகு நீக்கினாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் முடிவுகள் எல்லாமே சரியாக இருந்தன என்று எழுதினால் அவளே சிரிப்பாள். ஒவ்வொரு குழாயும் உலையில் எந்தத் தடவை உருக்கிய எஃகிலிருந்து வந்தது என்பதற்கு ஓர் எண் உண்டு. ஹீட் நம்பர் என்போம். அதைப் பதியாமல் எந்தக் குழாயையும் ஸ்டோருக்குள் எடுக்க முடியாதபடி அவள் ஒரு தடுப்பு எழுதியிருந்தாள். புதிய பதிப்பே அதைச் செய்யும் என்று நம்பி நீக்கிவிட்டாள். அது செய்தது, ஆனால் வெளியே வெட்டக் கொடுத்துத் திரும்பி வரும் குழாய்களுக்கு மட்டும் எண்ணைக் கேட்கவில்லை. புதிய பதிப்புக்கு மாறிய சில நாட்களில், இருவேறு ஹீட் நம்பர் கொண்ட குழாய்கள் எண் பதியாமல் ஒரே அடுக்கில் கலந்துவிட்டன. தவறான குழாய் ஒன்று கொதிகலனுக்குள் போனால் அழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பின்னாலேயே முருகேசன் கோபத்தோடு நின்றார். குழாய்கள் அடுக்கியிருந்த யார்டில் எல்லோர் முன்னாலும், "நான்தாங்க அந்தத் தடுப்ப எடுத்தேன். சரியாப் பாக்காமப் போயிட்டேன். ஸ்டோர்க்காரங்கள யாரும் ஏசாதீங்க" என்றாள். குழாய்களின் முனையில் குத்தியிருந்த எண்களைப் பார்த்து ஆட்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். எதுவும் வெளியே போயிருக்கவில்லை. அவள் ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்து, கடைசிக் குழாய் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். தடுப்பை நான்தான் திரும்ப எழுதினேன். "அத நீங்களே எழுதுங்க" என்றாள்.

அதன்பிறகு ஆலைக்கு அவள் வரவில்லை. மென்பொருள் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. அதைச் சொன்னால் மகிழ்வாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

"சந்தோஷம் அக்கா. அதுக்குத்தானே அம்புட்டையும் எடுத்தேன்" என்றாள். பிறகு போனைக் கையில் எடுத்து, "ஆனா ஒருத்தரும் போன் பண்ணல. முன்னாடி சோறு திங்க விடமாட்டாங்க. இப்பச் சும்மாவே போனை எடுத்து எடுத்துப் பாத்துக்கிறேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அவளோடு போனில் பேசினேன். மருந்து, வாந்தி, அவள் மகளின் படிப்பு என்று ஏதேதோ பேசுவோம். ஒருநாள் அலுத்துப்போய், "ஒடம்பப் பத்தியே கேக்குறீங்களே. எங்கயாச்சும் எரர் வருதுன்னு பொய்யாவது சொல்லுங்களேன்" என்றாள்.

பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் இறப்பதற்கு முந்தைய வாரம் உண்மையாகவே ஒன்று வந்தது. திருப்பி அனுப்பிய சரக்கு, இருப்புக் கணக்கில் குறையாமல் அப்படியே நின்றது. எனக்குப் பிடிபடவில்லை. அழைத்தேன்.

"மொதல்ல திரையில என்ன வருது, அப்படியே படிங்க" என்றாள். படித்தேன். "இல்ல, அதுக்கு மேல." படித்தேன். "அவசரப்படாதீங்க அக்கா, யாரு கடைசியா சேவ் பண்ணுனாங்க, அதச் சொல்லுங்க." வழக்கம்போல் என்னைக் கடிந்தாள், தானே ஒருமுறை தவறி, "அட, அது பழைய பதிப்புலல்ல இருந்துச்சு!" என்று சிரித்தாள். பின்னால் முருகேசன், போதும் என்று சொல்வது கேட்டது. "இருங்க, வேலையா இருக்கேன்" என்று அவரை அதட்டினாள். கடைசியில் கோளாறு அகப்பட்டது. "போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்தாள். சரியாகிவிட்டது என்று சொன்னபோது, "தெரியும்" என்றாள்.

அவள் எழுதியவற்றில் பெரும்பகுதி இன்று நம் ஆலையில் இல்லை. அவளே அப்படித்தான் வேண்டுமென்றாள், அதில் எனக்கு வருத்தமில்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த அந்தக் கடைசி உரையாடலைத்தான். அவ்வளவு நேரமும் அவள் குரலில் நோய் இல்லை.