வெட்டாத எட்டுப் பக்கம்

அவர் பெரம்பலூர்–அரியலூர் பஸ் கண்டக்டர். புருவத்தில் சிமெண்டுத் தூசி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் விசிலை வாயில் கவ்விக்கொண்டே நூலகத்து நாவலைப் படிப்பார்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் நான் ஒரு சிற்றிதழில் புத்தக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் அவர் வண்டியில்தான் போய்வருவேன். ஒருநாள் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் நகராமல் நின்றார்.

“உங்க விமர்சனத்தப் பாத்துட்டுத்தான் சார் அந்த நாவல லைப்ரரில எடுத்தேன். எனக்கு முன்னாடி நீங்கதான் எடுத்திருந்தீங்களாம்.”

“ஆமாங்க.”

“கடைசி எட்டுப் பக்கம் மேல மடிப்பு வெட்டாமயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சீப்ப வுட்டுப் பிரிச்சுத்தான் படிச்சேன்.”

விமர்சனத்தில் ‘முடிவு அபாரம்’ என்று எழுதியிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் வேறு திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எழுதுனது சரிதான் சார். முடிவு அபாரம்” என்று சொல்லிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

குத்திக்காட்டினாரா, காப்பாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த முடிவை நான் இன்னும் படிக்கவில்லை. அவர் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.